தரையிலிருந்து தொடங்கும் வளிமண்டலம்: பேராக் இடைநிலைப் பள்ளிகளுக்கான ஒரு பாடமுறை

மலேசிய இடைநிலைப் பள்ளியின் முதல் மூன்று படிவங்களில், அதாவது 13 முதல் 15 வயது வரையுள்ள மாணவரிடையே, வளிமண்டலம் என்னும் பொருள் ஓரிடத்தில் வைத்துக் கற்பிக்கப்படுவதில்லை. 2017-இல் முதற்படிவத்தில் நடைமுறைக்கு வந்த கலைத்திட்டத்தின்படி காற்றின் கூறுகளும் எரிதலும் காற்று மாசும் முதற்படிவ அறிவியலின் ஏழாம் இயலில் வருகின்றன. பூமியின் மண்டலங்களுள் ஒன்றாக வளிமண்டலம் அதே நூலின் ஒன்பதாம் இயலில் மீண்டும் தலைகாட்டுகிறது. காற்றழுத்தம் இரண்டாம் படிவத்தில் விசையையும் இயக்கத்தையும் பற்றிய இயலுக்குள் ஒரு சிறு பகுதியாக அடங்கிவிடுகிறது. வானிலையும் காலநிலையும் அறிவியலை விட்டு விலகிப் புவியியல் ஆசிரியரின் பொறுப்பாகின்றன. நூல் வகுப்போருக்கு இப்பங்கீடு வசதியானதே. ஆனால், காற்றுக்கு எடை உண்டு என்பதும், அந்த எடையால் அழுத்தம் உண்டாகிறது என்பதும், மேலே செல்லச் செல்ல அழுத்தம் குறைவதால் எழும் காற்று விரிந்து குளிர்கிறது என்பதும், அக்குளிர்ச்சியால்தான் மழை பெய்கிறது என்பதும் ஒன்றன் காரணமாக மற்றொன்று நிகழும் ஒரே தொடர். அத்தொடர் இரண்டு ஆண்டுகளுக்கும் இரண்டு பாடங்களுக்கும் இடையே அறுபட்டுக் கிடக்கும்போது மாணவர் நினைவில் எஞ்சுவது பெரும்பாலும் நான்கு வண்ணப் பட்டைகளாக வரைந்த அடுக்குகளின் படமும், நைட்ரஜன் 78 விழுக்காடு, ஆக்சிஜன் 21 விழுக்காடு என்னும் இரண்டு எண்களுமே.

பேராக் மாநிலத்தில் 130-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பல, ரப்பர்த் தோட்டங்களில் லயன் வீடுகளுக்கு அருகே தோன்றியவை. தோட்டம் செம்பனைக்கு மாறியோ வீடமைப்புப் பகுதியாகியோ போன பின்னும் பள்ளி மட்டும் எஞ்சியிருக்கும் இடங்கள் உண்டு. அங்கே ஆறு ஆண்டுகள் தமிழில் அறிவியல் கற்ற மாணவர் இடைநிலைப் பள்ளியில் மலாய்மொழியிலும், இருமொழித் திட்டம் உள்ள பள்ளிகளில் ஆங்கிலத்திலும் அதனைத் தொடர்கின்றனர். இம்மாறுதலின் இடர்ப்பாடு பலமுறை பேசப்பட்டிருக்கிறது. இங்கே அது மீண்டும் விரிக்கப்படப் போவதில்லை. இச்சொற்பொழிவு முன்வைப்பது வேறொன்று: ஈப்போ அமைந்திருக்கும் கிந்தா பள்ளத்தாக்கில் வாழும் மாணவருக்கு வளிமண்டலப் பாடம் உயரத்திலுள்ள அடுக்குகளிலிருந்து கீழிறங்கி வருதல் ஆகாது, அவர் மூச்சு விடும், நனையும், புழுங்கும் கீழ் ஒன்றரைக் கிலோமீட்டர்க் காற்றிலிருந்து தொடங்கி, அளவிட்டு அளவிட்டு மேலேறுதல் வேண்டும், அடுக்குகளின் படம் இறுதியில் வருதல் வேண்டும்.

முதலில் நிலைநாட்ட வேண்டியது காற்றின் எடை. காற்று ஒரு பொருள் என்று வாயால் ஒப்புக்கொள்ளும் மாணவர் பலர் அதற்கு எடை உண்டு என்பதை உள்ளத்தால் ஏற்பதில்லை என்பது, பிரிட்டனின் லீட்ஸ் நகரில் ரோசலிண்ட் டிரைவரும் அவர் குழுவினரும் மாணவரின் அறிவியல் கருத்துகளைத் தொகுத்து ஆராய்ந்ததிலிருந்து கற்பித்தல் துறையில் பரவலாக அறியப்பட்ட செய்தி. இதனைக் காட்டப் பல பள்ளிகளில் ஒரு கோலின் இரு முனைகளிலும் ஊதிய பலூன்களைக் கட்டி, ஒன்றைக் குத்தி உடைப்பது வழக்கம். பார்வைக்கு நன்றாக இருப்பினும் அச்சோதனை நம்பத் தக்கதன்று. பலூனுக்குள் இருக்கும் காற்றைச் சுற்றியுள்ள காற்றே ஏந்திக்கொள்வதால், உள்ளே சற்றுக் கூடுதலாக அழுந்தியிருக்கும் சிறு பங்கு மட்டுமே எடையாகத் தெரிகிறது, அது பெரும்பாலும் ஒரு கிராமுக்கும் குறைவு. அதற்குப் பதிலாக, வடிவம் குலையாத அளவுக்கு மட்டும் காற்றுள்ள ஒரு கால்பந்தைச் சமையலறை மின்தராசில் நிறுத்து, பிறகு விளையாடும் இறுக்கத்துக்கு ஊதி மீண்டும் நிறுத்தால் ஏறத்தாழ ஐந்து கிராம் கூடியிருக்கும். பந்தின் பருமன் மாறவில்லை, ஆகவே கூடியது உள்ளே புகுந்த காற்றின் எடையே என்பதில் மறுப்புக்கு இடமில்லை. அடுத்து, ஒரு கன மீட்டர் காற்று ஈப்போவின் வெப்பத்தில் ஏறத்தாழ 1.16 கிலோகிராம் என்று கூறி, வகுப்பறையை அளக்கச் சொல்லலாம். ஒன்பது மீட்டர் நீளமும் ஏழு மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் உயரமும் உள்ள அறையில் ஏறத்தாழ 220 கிலோகிராம் காற்று இருக்கிறது. அது நான்கைந்து மாணவரின் எடை. இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்த்தவருக்கு, ஒரு சதுர மீட்டர்த் தரையின் மீது வளிமண்டலத்தின் உச்சி வரை நிற்கும் காற்றுத் தூணின் எடை ஏறத்தாழ பத்து டன் என்பது வியப்பாக இருக்குமேயன்றி நம்ப இயலாததாக இராது.

எடை நிலைபெற்ற பின் உயரம். 1648 செப்டம்பர் 19 அன்று பிரான்சில், பாஸ்கலின் வேண்டுகோளின்படி அவர் மைத்துனர் பெரியே, பாதரசக் குழாய் ஒன்றைச் சுமந்துகொண்டு புய்-டி-டோம் மலையின் மேல் ஏறினார். அடிவாரத்திலிருந்த நிலையைவிட உச்சியில் பாதரசம் ஏறத்தாழ எட்டு சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது. மேலே ஏறியவருக்கு மேல் நிற்கும் காற்று குறைவு, ஆகவே அதன் அழுத்தமும் குறைவு என்பதற்கு உலகம் கண்ட முதல் நேர்ச்சான்று அது. அம்மலையின் உயரம் 1,465 மீட்டர். ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாகச் சென்றடையும் கேமரன் மலையின் ஊர்களும் ஏறத்தாழ அதே உயரத்தில் இருப்பதும், புறப்படும் இடம் கடல்மட்டத்தையொட்டி இருப்பதால் பெரியே ஏறியதைவிட அதிகமாகவே ஈப்போ மாணவர் ஏறுவதும் பேராக் ஆசிரியருக்குக் கிடைத்த வாய்ப்பு. பள்ளிச் சுற்றுலாக்கள் எப்படியும் அங்கே செல்கின்றன. செல்லும் வழியில் காது அடைப்பதையும், நொறுக்குத்தீனிப் பொட்டலங்கள் உப்பிப் போவதையும் மாணவர் அனைவரும் கண்டிருக்கின்றனர். கண்டது அளவாக மாற வேண்டுமானால், தடித்த கண்ணாடிப் புட்டி ஒன்றை மலையில் வெறுமனே திறந்து, இறுக மூடிக் கொண்டுவந்து, ஈப்போவில் வாளித் தண்ணீருக்குள் வாய் கீழாகப் பிடித்துத் திறந்தால் போதும். தண்ணீர் உள்ளே ஏறும். அதன் அளவு புட்டியின் கொள்ளளவில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. அழுத்தத்தை மட்டும் கருதினால் ஏழில் ஒரு பங்கு ஏற வேண்டும். மலையின் குளிர்ந்த காற்று கீழே வந்து சூடேறிச் சற்று விரிந்துவிடுவதால் சிறிது குறைகிறது. இந்தச் சிறு வேறுபாட்டை ஆசிரியர் மறைக்காமல் மாணவரிடமே கேள்வியாக வைத்தால், அழுத்தமும் வெப்பமும் காற்றின் பருமனைச் சேர்ந்தே தீர்மானிக்கின்றன என்பது மேல்வகுப்பு வேதியியலுக்குக் காத்திராமல் இங்கேயே விளங்கிவிடும்.

அதே பயணத்தில் வெப்பமானியும் உடன் செல்லட்டும். ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறைகிறது. ஈப்போவின் சராசரி ஏறத்தாழ 27 பாகை, கேமரன் மலையின் சராசரி ஏறத்தாழ 18 பாகை என்பது இக்கணக்கோடு நன்றாகப் பொருந்துகிறது. மலை சூரியனுக்கு அருகில் இருந்தும் ஏன் குளிர்கிறது என்று மாணவர் கேட்பர், கேட்க வேண்டும். வெயில் காற்றை நேராகச் சூடாக்குவது குறைவு. அது தரையைச் சூடாக்குகிறது, தரை தன்னைத் தொடும் காற்றைச் சூடாக்குகிறது. அவ்வாறு சூடேறி எழும் காற்று, மேலே அழுத்தம் குறைவதால் விரிகிறது. விரிவதற்குத் தன் ஆற்றலையே செலவிடுவதால் குளிர்கிறது. மேகம் உருவாவது இதனால்தான். 30 பாகையில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும், 20 பாகையில் 17 கிராமுக்குச் சற்று மேல் மட்டுமே தாங்கும், எஞ்சியது நுண்துளிகளாகிறது. நண்பகலுக்குப் பின் ஈப்போவின் காற்று 33 பாகையும், அதன் பனிநிலை, அதாவது அக்காற்றைக் குளிர்வித்தால் நீராவி துளியாகத் தொடங்கும் வெப்பநிலை, 24 பாகையும் ஆக இருக்கும் நாளில், மேகத்தின் அடி ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் அமையும். இரண்டு வெப்பநிலைகளுக்கும் இடையிலுள்ள ஒவ்வொரு பாகைக்கும் 125 மீட்டர் என்பது எளிய கணக்கு. நகரைச் சூழ்ந்த சுண்ணாம்புக்கல் குன்றுகள் சில நூறு மீட்டரே உயர்ந்தவை. ஆகவே பகலில் அவை மேகத்துக்குக் கீழே தெளிவாக நிற்கின்றன. கிழக்கே உள்ள தித்திவங்சா மலைத்தொடரோ, 2,183 மீட்டர் உயரமுள்ள கொர்பு மலையையும் கொண்டது. அதன் உச்சிகள் பிற்பகலில் மேகத்துக்குள் மறைகின்றன. பள்ளி வாசலில் நின்றே சரிபார்க்கத் தக்க கணக்கு இது.

பேராக்கின் மழை இத்தொடரின் அடுத்த கண்ணி. கடற்கரையிலுள்ள சித்தியவானில் ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. பிந்தாங் மலைத்தொடரின் மேற்கு அடிவாரத்தில் மலாக்கா நீரிணையை நோக்கியிருக்கும் தைப்பிங்கில் அது ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர். இரண்டு மலைத்தொடர்களுக்கு இடையிலுள்ள ஈப்போ நடுவில் நிற்கிறது. ஒரே மாநிலத்தின் மூன்று ஊர்களுக்குள் இத்தனை வேறுபாடு இருப்பதற்குக் காரணம், கடலிலிருந்து வரும் ஈரக்காற்று எங்கே மேலேற வேண்டியிருக்கிறது என்பதே. மழை மிகும் காலமும் கவனிக்கத் தக்கது. வடகிழக்குப் பருவக்காற்றைக் கிழக்கிலுள்ள மலைத்தொடரும் தென்மேற்குப் பருவக்காற்றைச் சுமத்ராத் தீவும் பெருமளவு தடுத்துவிடுவதால், இவ்விரு பருவங்களுக்கும் இடைப்பட்ட ஏப்ரலும் அக்டோபர்-நவம்பரும்தான் ஈப்போவில் மழை மிகும் மாதங்கள். காற்று வலுவிழந்து நிற்கும் அந்நாட்களில் காலை முழுதும் சூடேறிய தரைக்காற்று தடையின்றி எழுந்து, பிற்பகலில் இடியுடன் கொட்டுகிறது. தமிழகத்தில் ஐப்பசி மழை வடகிழக்குப் பருவக்காற்றின் வரவால் பெய்வது. ஈப்போவிலும் ஐப்பசியில் மழை பெய்கிறது, ஆனால் பருவக்காற்றின் வலிமையால் அன்று. மாதம் ஒன்றாயினும் காரணம் வேறு. வீட்டிலுள்ள நாட்காட்டியை நம்பித் தமிழகப் பாடநூலின் பருவக்காற்றுப் படத்தை அப்படியே இங்கே ஒட்டிவிடும் பயிற்சி ஏடுகள் இதில்தான் தவறுகின்றன.

தோட்டப்புறத்தின் அறிவு வளிமண்டலப் பாடத்துக்கு என்ன தரும் என்னும் கேள்வி இனி எழுகிறது. 1877-இல் கியூ பூங்காவிலிருந்து சிங்கப்பூர் வந்த ரப்பர்க் கன்றுகளுள் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றுள் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. அதன்பின் முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பேராக்கின் தமிழ்க் குடும்பங்களின் நாளை வகுத்தது பால்வெட்டு நேரம். விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது ஆட்கணக்கெடுப்புக்கு, நின்று, இருள் பிரியும்போதே வெட்டத் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும். தாமதித்தால் மரம் பால் தராது. இது கங்காணியின் கண்டிப்பால் மட்டும் நேர்ந்த நேரம் அன்று. காற்றின் ஈரப்பதம் விதித்த நேரம். இரவில் இலைகளின் நுண்துளைகள் மூடியிருக்க, காற்றும் ஏறத்தாழ நீராவியால் நிறைந்திருக்க, மரம் வேரால் உறிஞ்சிய நீர் வெளியேறாமல் தங்குவதால் பட்டையிலுள்ள பாற்குழாய்கள் விம்மிய நிலையில் இருக்கின்றன. வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக்கத் தொடங்கியதும் அவ்விம்மல் தளர்கிறது. மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் பட்டரி, போட்மன் என்னும் இரு ஆய்வாளர் இவ்வழுத்தத்தை நேராக அளந்து 1964-இல் வெளியிட்டனர். விடியற்காலையில் அது வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு. காற்றழுத்தத்தை ஓர் அலகாகக் கொண்டு வேறோர் அழுத்தத்தை அளப்பது எப்படி என்பதை விளக்க இதைவிட நெருங்கிய எடுத்துக்காட்டு இவ்வட்டாரத்தில் கிடைப்பது அரிது.

மழைநாளின் நட்டமும் அவ்வாறே. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டின் வழியே ஓடி மங்கில், அதாவது பால் சேரும் கிண்ணத்தில், விழாமல் மரம் முழுதும் வழிந்து வீணாகும். ஆகவே இரவு மழை பெய்த காலைகளில் வேலை இல்லை, நாட்கூலியும் இல்லை. வானத்தைப் பார்த்து நாளைய வருவாயைக் கணித்த தலைமுறையினர் இன்னும் பல வீடுகளில் பாட்டிகளாகவும் தாத்தாக்களாகவும் இருக்கின்றனர். அவர்களிடம் மாணவர் கேட்டு எழுதி வருதல் நல்ல பணி. தமிழில் கேட்டதை மலாயில் அறிக்கையாக்கும்போது மொழிமாற்றத்தின் சுமையும் ஓரளவு பயனுள்ளதாகிறது. எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. முதியோர் சொற்களைத் தொகுத்துச் சுவரில் ஒட்டுவதோடு நின்றுவிடும் பணி பண்பாட்டு விழாவுக்கு உதவும், அறிவியல் ஆகாது. வெயில் ஏறினால் பால் நிற்கும் என்னும் கூற்றைச் சோதிக்கத் தக்க வடிவில் மாற்ற வேண்டும். இரண்டு வெப்பமானிகளுள் ஒன்றின் குமிழில் நனைத்த துணியைச் சுற்றி வைத்தால், துணியின் நீர் ஆவியாவதால் அது தாழ்ந்த அளவைக் காட்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு காற்றின் வறட்சிக்கு அளவு. காலை ஆறு மணிக்கு அவ்வேறுபாடு பெரும்பாலும் ஒரு பாகைக்குள் அடங்கும். பிற்பகல் இரண்டு மணிக்கு ஆறேழு பாகையைத் தொடும். மரம் இல்லாத ஊரிலும், தோட்டம் வீடமைப்புப் பகுதியான பின்னும், பால்வெட்டு நேரம் காற்றில் அப்படியே இருக்கிறது என்பதை மாணவர் எண்களில் காண்பர்.

காற்றின் கூறுகளைக் கற்பிக்கும் இடத்தில், மிகவும் பழகிப்போன ஒரு பிழையை நீக்குவது முதற்கடமை. தட்டிலுள்ள நீரில் மெழுகுவர்த்தியை நிறுத்தி, எரியும்போது குவளையால் மூடினால், சுடர் அணைந்து நீர் மேலேறுகிறது. ஏறிய நீரின் அளவு ஆக்சிஜனின் அளவு, அது ஐந்தில் ஒரு பங்கு என்று விளக்கம் தரப்படுகிறது. எண் ஏறத்தாழ ஒத்து வந்தாலும் விளக்கம் தவறு. சுடர் அணையும்போது குவளைக்குள் ஆக்சிஜன் இன்னும் 16 விழுக்காட்டை ஒட்டி எஞ்சியிருக்கிறது. மூடும்போதே சுடரின் வெப்பத்தால் விரிந்த காற்றின் ஒரு பகுதி வெளியேறிவிடுவதும், அணைந்த பின் எஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்குவதுமே நீர் ஏறுவதற்குப் பெரும் காரணம். இதனை மாணவரே கண்டுபிடிக்கலாம்: ஒன்றுக்குப் பதில் மூன்று மெழுகுவர்த்திகளை வைத்தால் நீர் மேலும் உயரும், குவளையிலுள்ள ஆக்சிஜனோ மூன்று மடங்காகிவிடவில்லை, தவிர, நீர் விரைந்து ஏறுவது சுடர் எரியும்போது அன்று, அணைந்த பிறகே. ஆக்சிஜனின் பங்கை உண்மையாகவே காட்ட விரும்பும் ஆசிரியர், பாத்திரம் துலக்கும் இரும்பு நாரைப் புளிக்காடியில் நனைத்துச் சோதனைக்குழாயில் செருகி, நீரில் கவிழ்த்து, இரண்டு மூன்று நாள் விட்டுவைக்கட்டும். இரும்பு துருப்பிடித்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள, நீர் மெதுவாக ஏறி ஐந்தில் ஒரு பங்கில் நிற்கும். தேர்வு நெருக்கடியில் மூன்று நாள் காத்திருப்பது கடினம் என்னும் முறையீடு முன்பு செல்லுபடியாகியிருக்கும். மூன்றாம் படிவத் தேர்வு 2022-இல் கைவிடப்பட்ட பின் அதன் வலு குறைந்துவிட்டது.

கரிவளிக்கு, அதாவது கார்பன் டை ஆக்சைடுக்கு, கிந்தா பள்ளத்தாக்கைவிடப் பொருத்தமான வகுப்பறை மலேசியாவில் இல்லை எனலாம். ஈப்போவின் லிட்டில் இந்தியாக் கடைகளில் வெற்றிலைக்கு விற்கும் வெள்ளைச் சுண்ணாம்பைச் சிறிதளவு நீரில் கலக்கி, ஓரிரவு தெளியவிட்டு, மேல்நீரை வடித்துக்கொண்டால் அதுவே சுண்ணாம்புத் தெளிநீர். கண்ணுக்குக் காப்பிட்டு, உறிஞ்சிவிடாதபடி எச்சரித்து, மாணவர் அதற்குள் குழலால் மூச்சை விட்டால் நீர் பாலாகக் கலங்கும். வெளிவிடும் மூச்சில் கரிவளி ஏறத்தாழ 4 விழுக்காடு, உள்ளிழுக்கும் காற்றில் 0.04 விழுக்காடு, நூறு மடங்கு வேறுபாடு கண்முன் நிற்கிறது. ஆசிரியர் இங்கே நிறுத்திவிடாமல் அந்தக் கலங்கல் என்ன என்று கேட்க வேண்டும். அது சுண்ணாம்புக்கல்லின் நுண்துகள். சிம்பாங் பூலாய்ப் பக்கம் வெட்டியெடுக்கப்படும் கல்லும், கல்லுமலை முருகன் கோயில் அமைந்திருக்கும் பாறையும், கோப்பேங் அருகிலுள்ள தெம்புருங் குகையும் அதே பொருளால் ஆனவை.

சூளையில் 900 பாகைக்குச் சுடும்போது 100 கிலோ சுண்ணாம்புக்கல் 44 கிலோ கரிவளியை வெளிவிட்டு சுட்ட சுண்ணாம்பாகிறது. அச்சுண்ணாம்பு நீருடன் கலந்து மாணவரின் மூச்சிலிருந்து கரிவளியைத் திரும்பப் பெற்று மீண்டும் கல்லாகிறது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் சிற்றுயிர்களின் ஓடுகள் படிந்து உருவான இக்குன்றுகள், அக்காலத்துக் காற்றிலிருந்து எடுத்துக் கல்லாக்கிப் பூட்டி வைத்த கரிவளியின் கிடங்கு. மழைநீர் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் கரிவளியை ஏற்றுச் சற்றே அமிலமாகி இக்கல்லைக் கரைப்பதால் குகைகள் உண்டாகின்றன. கரைந்தது குகைக் கூரையில் சொட்டும்போது கரிவளியை விட்டுவிட்டு மீண்டும் படிவதால் கல்விழுதுகள் தொங்குகின்றன. வெள்ளிக் கோளின் வளிமண்டலத்தில் கரிவளி 96 விழுக்காடு, அதன் தரையழுத்தம் பூமியைப் போலத் தொண்ணூறு மடங்குக்கும் மேல். பூமியிலும் ஏறத்தாழ அத்தனை கரிவளி உண்டு. அது காற்றில் இல்லாமல் கல்லில் இருக்கிறது. ஈப்போவின் குன்று ஒன்றைச் சாளரத்தின் வழியே சுட்டிக்காட்டி இதனைச் சொல்ல முடிகின்ற ஆசிரியருக்குப் பாடநூற்படம் எதுவும் தேவைப்படாது. சிமெண்டுத் தொழில் ஏன் எரிபொருளுக்கு அப்பாலும் கரிவளியை வெளிவிடுகிறது என்பதும், உலகின் மொத்த வெளியீட்டில் ஏழெட்டு விழுக்காடு அதனுடையது என்பதும் இதன் தொடர்ச்சியாகவே விளங்கும்.

புகைமூட்டம் மலேசிய மாணவர் அனைவரும் அறிந்த வளிமண்டல நிகழ்வு. 1997 செப்டம்பரில் கூச்சிங்கில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 839-ஐ எட்டியது. 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 2013 ஜூனில் மூவாரில் குறியீடு 746. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், சுமத்ராவின் கரிமண் நிலங்களில், அதாவது மட்கிய தாவரங்கள் அடர்ந்து படிந்த சதுப்பு நிலங்களில், பற்றும் தீயின் புகை நீரிணையைக் கடந்து வருகிறது. அதனைத் தடுக்க 2002-இல் ஆசியான் நாடுகள் கோலாலம்பூரில் கையெழுத்திட்ட உடன்பாட்டை இந்தோனேசியா 2014-இல்தான் உறுதிப்படுத்தியது. இச்செய்திகள் பாடநூல்களில் ஓரளவு இருக்கின்றன. குறியீடு எவ்வாறு படிக்கப்பட வேண்டும் என்பதுதான் குறைவாகச் சொல்லப்படுகிறது. 50 வரை நன்று, 100 வரை மிதமானது, 200 வரை ஆரோக்கியக் கேடு, 300 வரை மிகுந்த கேடு, அதற்கு மேல் பேரிடர் என்னும் படிநிலை மனப்பாடமாக இருக்கும். ஆனால் 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைந்த நுண்துகள்களைப் பொறுத்தவரை வெளியிடப்படும் எண் அந்நொடியின் அளவன்று, முந்தைய 24 மணி நேரத்தின் சராசரி; ஆகவே புகை திடீரென அடர்ந்த காலையில் எண் இன்னும் தாழ்ந்திருக்கலாம், தெளிந்த மாலையில் உயர்ந்தே நிற்கலாம்.

இதனை உணர்த்த ஈப்போவின் குன்றுகளே அளவுகோல். பள்ளியிலிருந்து ஒன்று, மூன்று, ஏழு, பதினைந்து கிலோமீட்டர்த் தொலைவிலுள்ள குன்றுகளையும் மலைகளையும் நிலப்படத்தில் குறித்துக்கொண்டு, நாள்தோறும் ஒரே நேரத்தில் எது வரை கண்ணுக்குத் தெரிகிறது என்று பதிவு செய்து, ஈப்போவின் தாசேக், பெகோ ஆகிய இரு கண்காணிப்பு நிலையங்கள் வெளியிடும் எண்களோடு ஒப்பிட்டால், பார்வைத்தொலைவு முன்னே மாற, எண் பின்னே மெதுவாகத் தொடர்வதை மாணவர் காண்பர். காலையில் குன்றுகளை மறைப்பது மூடுபனியா புகையா என்னும் ஐயம் எழும். நனைத்த துணி சுற்றிய வெப்பமானி அதனைத் தீர்க்கும், இரண்டு வெப்பமானிகளும் ஒத்திருந்தால் பனி, விலகியிருந்தால் புகை என்று பெரும்பாலும் கொள்ளலாம். இரு மலைத்தொடர்களுக்கு இடைப்பட்ட பள்ளத்தாக்கில் இரவில் குளிர்ந்த கனமான காற்று சரிவுகளில் இறங்கி அடியில் தேங்குவதும், அதன்மேல் சற்று வெதுவெதுப்பான காற்று மூடிபோல் அமர்வதும் இங்கே விளக்கப்பட வேண்டும். உயரம் கூடக் கூட வெப்பம் குறையும் என்று முன்பு கற்ற விதி தலைகீழாகும் இந்நிலைக்கு வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம் என்று பெயர். அது நீடிக்கும் வரை புகை மேலேற வழியில்லை, வெயில் தரையைச் சூடாக்கி அம்மூடியைக் கலைக்கும் நேரத்தில்தான் குன்றுகள் ஒவ்வொன்றாக மீளத் தெரிகின்றன.

இத்தனைக்குப் பிறகே அடுக்குகள். பல படங்களில் கீழடுக்கு, அதாவது வானிலை நிகழ்வுகள் அடங்கிய அடிவளிமண்டலம், 12 கிலோமீட்டர் வரை என்று குறிக்கப்பட்டிருக்கும். அது உலகச் சராசரி. துருவங்களில் அது எட்டு ஒன்பது கிலோமீட்டரில் முடிந்துவிடுகிறது, நிலநடுக்கோட்டுக்கு 4.6 பாகை வடக்கே உள்ள ஈப்போவின் மேல் 16, 17 கிலோமீட்டர் வரை உயர்கிறது. அத்தொலைவைப் படுக்கையாக வைத்தால் ஈப்போவிலிருந்து பத்து காஜாவுக்குச் சாலையில் செல்லும் தொலைவுக்கு மேல் வராது. வளிமண்டலத்தின் எடையில் பாதி முதல் ஐந்தரைக் கிலோமீட்டருக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. வெப்பமண்டல வானில் இவ்வடுக்கின் உச்சி, பூச்சியத்துக்குக் கீழே 80 பாகை வரை குளிர்ந்திருப்பது; துருவங்களின் மேலுள்ளதைவிடக் குளிர்ச்சி. உயரே ஏறிக் குளிரும் காற்று இங்கே அதிக தூரம் ஏறுகிறது என்பதை எண்ணினால் புதிர் அவிழ்ந்துவிடும். அதற்கு மேல் குளிர்தல் நின்றுவிடும் என்பதை 1902-இல் டெய்சரெங் டி போர் என்னும் பிரெஞ்சு ஆய்வாளர் ஆளற்ற பலூன்களை நூற்றுக்கணக்கில் பறக்கவிட்டுக் கண்டறிந்து அறிவித்தார். இன்றும் பினாங்கிலிருந்து மலேசிய வானிலை ஆய்வுத் துறை அத்தகைய பலூன்களை ஏவுகிறது. அழுத்தம், வெப்பம், ஈரப்பதம் என்று அவை அனுப்பும் மூன்று அளவுகளும் மாணவர் கேமரன் மலைப் பயணத்திலும் நனைத்த துணிச் சோதனையிலும் தாமே எடுத்த அளவுகளே, உயரம் மட்டும் கூடுதல்.

மேலடுக்கில் உள்ள ஓசோன் படலத்தைப் பற்றிப் பேசும்போது ஆசிரியர் ஒரு குழப்பத்தை எதிர்பார்த்திருக்க வேண்டும். ஓசோன் துளையின் வழியே வெயில் கூடுதலாக இறங்குவதால்தான் உலகம் வெப்பமாகிறது என்று பல நாடுகளின் மாணவர் நம்புகின்றனர். ஓசோன் குறைதல், குளிர்பதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரின் சேர்மங்களால் நேர்ந்தது. அண்டார்க்டிகாவின் மேல் அது நிகழ்வதை 1985-இல் பார்மன் என்னும் ஆய்வாளரும் அவர் உடனாய்வாளர்களும் வெளியிட, 1987 செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரியல் உடன்பாடு கையெழுத்தானது. வெப்பமாதலோ, தரை வெளிவிடும் வெப்பக்கதிர்களைக் கரிவளி முதலியவை தடுத்து வைப்பதால் நேர்வது. ஹவாயின் மௌனா லோவாவில் 1958-இல் கீலிங் என்னும் ஆய்வாளர் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் 315 பங்காக இருந்த கரிவளி இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. ஒன்று உள்ளே வரும் புறஊதாக் கதிரைப் பற்றியது, மற்றொன்று வெளியேறும் வெப்பத்தைப் பற்றியது. ஈப்போவில் நண்பகல் வெயில் தோலைச் சுடுவதற்கும் துளை எதுவும் காரணமன்று: சூரியன் ஏறத்தாழ உச்சியில் நிற்பதால் கதிர் கடக்க வேண்டிய காற்றின் தடிமன் குறைவு, மேலும் வெப்பமண்டலத்தின் மேல் ஓசோன் இயல்பாகவே மெல்லியது. பல கிலோமீட்டர் உயரத்துக்குப் பரவிக் கிடக்கும் அதனை முழுவதும் கீழே கொண்டுவந்து, வகுப்பறைக் காற்றின் அழுத்தத்துக்குள் அடக்கினால் அதன் தடிமன் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர். கிலோமீட்டர்கள் எவ்வாறு மில்லிமீட்டர்களாகச் சுருங்கும் என்று கேட்கும் மாணவருக்கு, கேமரன் மலையில் மூடி ஈப்போவில் திறந்த கண்ணாடிப் புட்டியின் கணக்கு விடையின் ஒரு பகுதி; அவ்வுயரத்திலும் ஓசோன் காற்றில் மிகச் சிறு பங்கே என்பது விடையின் பெரும்பகுதி.